தங்கையின் மூச்சு தணிந்தபோது

சீமையிலிருந்து மருந்துக் கப்பல்கள் வராத யுத்த காலம் அது. சர்க்கரை நோயாளியான என் தங்கை அஞ்சலைக்கு இன்சுலின் எங்கேயும் கிடைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து ரயிலில் ஏற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெகுதூரம் ஓடி வந்தவளைப் போல அவள் பெரிது பெரிதாக மூச்சு வாங்கினாள். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது.

"மெதுவா வுடு கண்ணு" என்று அவள் நெஞ்சைத் தடவினேன்.

டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "தடுக்காதீங்க. ரத்தத்துல புளிப்பு ஏறிப்போச்சு. மூத்திரத்துல போறது பத்தல. அதான் உடம்பு மூச்சு வழியா வெளிய தள்ளிக்கினு இருக்குது. உடம்பு அசந்து மூச்சு தணிஞ்சிட்டா, அப்புறம் உசுரு தங்காதுங்க."

சாயங்காலம் மூச்சு தணிந்தது. அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தியா, பொழைச்சிக்கினா! போயி கஞ்சி வாங்கிக்கினு வர்றேன்" என்று எழுந்தாள்.

டாக்டரம்மா சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "நீ எங்கயும் போவாதம்மா. அவ கையைப் புடிச்சிக்கினு உக்காரு" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோதே அஞ்சலை போய்விட்டாள்.

நான் மறைத்தது சரியா தப்பா, தெரியவில்லை. ஆனால் வீட்டில் யாராவது அமைதியாகத் தூங்கினால், கிட்டே போய்ப் பார்க்காமல் இன்றும் என்னால் இருக்க முடிவதில்லை.