சிவப்புப் பொட்டு வைத்த லேப்டாப்

கூடலூரில் ஒரு லேப்டாப்புக்காக ஒருவனின் கை முறிக்கப்பட்டதை நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்தேன். பார்த்ததோடு சரி. என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நின்றுகொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் நான் யாரைத் திட்டினாலும் அதில் எனக்கும் பங்கு உண்டு.

அடி வாங்கியவன் பங்கிராஸ். என் வயதுக்காரன் என்பதால் அவன் என்றுதான் எழுதுவேன். நாற்பத்தாறு வயது. இடது காது கேட்காது. இருபத்திரண்டு வயதில் குமுளி ரோட்டில் ஒரு ஜீப் பட்டறையில் வேலை பார்த்தபோது போன காது அது. பட்டறை முதலாளி, வேலைக்கு வரும் வண்டிகளில் நல்ல டைனமோவைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்து டிரைவர்கள் திரண்டு வந்த அன்று முதலாளி பின்பக்கமாக ஓடிவிட்டான். கையில் ஸ்பேனரோடு நின்ற பங்கிராஸை ஒரு ஜீப் பம்பரில் கட்டிவைத்து அடித்தார்கள். "நான் எடுக்கலண்ணே" என்று அவன் சொல்லச் சொல்லக் காதோடு சேர்த்து அறைந்தார்கள். காதிலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அதன் பிறகு அவன் ஜீப்பைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டான். ரோட்டைப் பார்த்து ஒரு மேசை. எதைத் திறந்தாலும் அதன் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் வாங்க மாட்டான். டீ வாங்கிக் கொடுத்தாவது உட்கார வைப்பான். இந்த ஊரில் திருட்டுப் பட்டம் இல்லாமல் செத்தால் போதும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். அதைத் தவிர அவனுக்கு வேறு பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், உறுப்புகளைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் புது வகை லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து கடை முகப்பில் வைத்தான். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும், கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் நாமே மாற்றிக்கொள்ளலாம். கூடவே ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தருவார்கள். ஜீப் ஓடுகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் கிடையாது என்று அவன் நம்பினான். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளில் பாதி, வேறு வேறு வண்டிகளின் உறுப்புகளைக் கோத்து உயிர் கொடுக்கப்பட்டவைதான்.

வந்தவர்கள் வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், போனார்கள். இதே விலைக்குப் பேர் தெரிந்த கம்பெனியில் இரண்டு வாங்கலாம் என்றார் ஒருவர். நாளைக்குக் கம்பெனியை மூடிவிட்டால் உறுப்புக்கு எங்கே போவது என்று கேட்டார் இன்னொருவர். அது நியாயமான கேள்வி. ஒரு வாத்தியார் அதன் ஓரத்தில் தெரிந்த இடைவெளியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே எவனோ கழற்றிய மாதிரி இருக்கிறதே என்றார். ஆனால் கடைசியில் எல்லாரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்.

"லேசா கழட்டலாம்னா எவனும் கழட்டலாமேப்பா. உள்ள இருக்குறத உருவிட்டு மட்டமானத வச்சு மூடுனா நமக்கு எங்கன தெரியப் போவுது?"

எனக்கும் அந்த எண்ணம்தான். நானும் வாங்கவில்லை. ஒட்டி மூடிய சாமான் கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் திட்டலாம். திறக்கிற சாமான் என்றால் திறக்கிற மனுஷனை நம்ப வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே கிடையாது. ஜீப்பைப் பட்டறையில் விடுகிறவர்கள் முதல் நாளே பேட்டரி, டைனமோ எல்லாவற்றிலும் யாருக்கும் தெரியாத மூலையில் ஒரு சொட்டுப் பெயிண்ட் வைத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது குனிந்து பொட்டைத் தேடுவார்கள். எல்லாரும் செய்வது, எவரும் வெளியே சொல்வதில்லை.

ஏழு மாதம் தயங்கிவிட்டு ஈஸ்வரபாண்டி ஒன்று வாங்கினார். நான்கு ஜீப் வைத்திருப்பவர், முன்கோபி. மகள் அனுசுயா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள்தான் இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாங்கிப் போன அன்றே வீட்டில் அதைத் திறந்து, மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து உள்ளே ஒவ்வொரு உறுப்பிலும் பொட்டு வைத்தார். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

லீவுக்கு வந்தபோது அனுசுயா, கீபோர்டில் ஒரு கட்டை சிக்குகிறது என்று சொல்லி லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினாள். அவர் பங்கிராஸிடம் கொண்டுவந்தார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம், மலை அடிவாரத்து லோயர் கேம்பில் ஜீப் ஒன்று ஆக்சில் உடைந்து நிற்பதாக போன் வந்தது. "நீயே பாத்து வையி, நான் வந்து வாங்கிக்கிர்றேன்" என்று கிளம்பினார். பங்கிராஸ் மறுத்தான். "ஒன்னய நம்பாமயா வாங்குனேன்?" என்று அவர் கேட்டதும் வாங்கிக்கொண்டான். இருபது வருஷத்தில் அவன் தன் வழக்கத்தை மீறியது அந்த ஒரு நாள்தான்.

அவர் அன்று சாயங்காலமே வந்து லேப்டாப்பை வாங்கிப் போனார். மறுநாள் காலை பத்து மணி இருக்கும். ஈஸ்வரபாண்டியின் ஜீப் பங்கிராஸ் கடை வாசலில் ஏறி நின்றது. அவரோடு இரண்டு டிரைவர்கள். அவர் ஒரு கையில் மகளின் லேப்டாப், மறு கையில் வீல் ஸ்பேனர்.

"ரெண்டு மெமரில ஒண்ணுல பொட்டு இருக்கு, ஒண்ணுல இல்ல. எங்கடா வித்த?"

பங்கிராஸுக்கு என்ன பொட்டு என்றே புரியவில்லை. "நான் எடுக்கலண்ணே. கீபோர்டுல மட்டுந்தான் கை வச்சேன்" என்றான். டிரைவர்கள் அவனைப் பிடித்து மேசைமேல் குப்புறச் சாய்த்தார்கள். ஈஸ்வரபாண்டி அவன் வலது கையை இழுத்து நீட்டி வைத்து ஸ்பேனரை இறக்கினார். முதல் அடியிலேயே மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் கேட்டது. இரண்டாவது அடி விரல்களில். மூன்றாவதை லேப்டாப்பின்மேல் போட்டார். திரை நொறுங்கிச் சிதறியது. பங்கிராஸ் கத்தவில்லை. "நான் எடுக்கல, நான் எடுக்கல" என்று மேசையில் வாயை வைத்தபடி சொல்லிக்கொண்டே இருந்தான். எச்சிலும் ரத்தமும் மேசையில் வழிந்தன.

ஷட்டருக்குப் பின்னால் நின்ற நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒருவேளை எடுத்திருப்பானோ என்று நினைத்தேன். இருபது வருஷம் எதிரெதிரே கடை வைத்திருந்தவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். போலீசில் எழுதிக் கொடு என்று எல்லாரும் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டான். "கேஸ் போட்டா அவரு அடிச்சது உண்மைன்னு ஆகும். நான் எடுக்கலங்கறது உண்மைன்னு ஆகாது" என்றான். கட்டோடு வந்து கடையைத் திறந்தான். அவர்கள் போட்டுவிட்டுப் போன வீல் ஸ்பேனரும் நொறுங்கிய லேப்டாப்பும் மேசையில் அப்படியே கிடந்தன. ஒருவரும் கடைக்குள் நுழையவில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள்.

நான்காம் நாள் அனுசுயா வந்தாள். அம்மா போனில் அழுது சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், அப்பாவை இங்கே வரச்சொல்லி போன் செய்துவிட்டுக் கடை வாசலிலேயே நின்றாள். அவர் வந்ததும் ரோட்டில் வைத்தே சொன்னாள்.

"மெமரிய நான்தாம்ப்பா மாத்துனேன். ஹாஸ்டல்ல கூட இருக்குற ரீட்டாவோட லேப்டாப்புல மெமரி பரீட்சை சமயத்துல போயிருச்சு. என்னுதுல ஒண்ணக் கழட்டிக் குடுத்தேன். அவ அப்புறம் புதுசு வாங்கிக் குடுத்தா, அத மாட்டிக்கிட்டேன். பொட்டு வச்சது எனக்குத் தெரியாது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவள் திறப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்காக வாங்கிய சாமான், அவள் கையில் கொடுத்த ஸ்க்ரூ டிரைவர், இருந்தும் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய மனுஷர் கையை ஓங்கி மகளை அறைந்தார். அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டாளே தவிரப் பின்வாங்கவில்லை. இரண்டாவது முறை ஓங்கியபோது நான் ரோட்டைக் கடந்து போய் அவர் கையைப் பிடித்தேன். நான்கு நாள் தாமதம்.

"போதும்ணே. வந்து உக்காருங்க" என்றான் பங்கிராஸ்.

முகப்பில் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பை இடது கையால் எடுத்து அவர் முன் வைத்தான். "உங்க மிசினு ஒடம்புதான் செத்துருக்கு. மெமரியும், பாப்பா படிப்பெல்லாம் சேத்து வச்சுருக்குற எஸ்எஸ்டியும் நல்லாருக்கு. அதக் கழட்டி இதுல மாட்டுங்க. எனக்குக் கை இல்ல."

ஈஸ்வரபாண்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. மேசையின் மறுபக்கம் பங்கிராஸ், அவன் முன்னால் வீல் ஸ்பேனர். அதைப் பார்க்காமல் இருக்க அவர் பாடுபட்டார். பொட்டு வைத்த மெமரி, வைக்காத மெமரி, இரண்டையும் மாட்டினார். எஸ்எஸ்டியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ எள்ளளவுதான் இருக்கும். எஸ்எஸ்டியை மாற்றி வைத்துவிட்டு ஸ்க்ரூவைத் தேடினால் காணோம். சட்டைப் பையைத் தடவினார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. கூட்டத்தில் எவனோ, "பைக்குள்ள போட்டுட்டாகளோ" என்றான்.

"நான் எடுக்கல" என்றார் ஈஸ்வரபாண்டி. "சத்தியமா நான் எடுக்கல, பங்கிராசு."

"தெரியும்ணே. அன்னைக்கு நானும் இதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவன் இடது கையால் வீல் ஸ்பேனரைத் தூக்கினான். ஈஸ்வரபாண்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு சுருண்டார்.

ஸ்பேனர் இருந்த இடத்தில் அந்த ஸ்க்ரூ உருண்டு கிடந்தது. அனுசுயா அதை எடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து முடுக்கினாள். அவள் முடித்து மூடிய பிறகும் அவள் அப்பா தலைக்கு மேல் வைத்த கைகளை இறக்கவில்லை.