வரிசையில் எங்களுக்கு இரண்டு இலை

எங்கள் ஊர்க்கோயில் பொங்கலில் ஒரு சட்டம் இருந்தது. கோயிலை மூன்று சுற்றுச் சுற்றியவர்கள்தான் சாமிக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சுற்ற முடியாதவர்களுக்குச் சோறு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வாழை இலையில் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். மலைமேல் இருக்கும் பைல் நாட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு நல்லவர்கள். அந்த நல்லதனத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் என் இரண்டு கால்களும் செயலற்றுப் போயின. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ரோடு கிடையாது. அப்பா என்னை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி, கீழே இருந்த வைத்தியர்களிடமெல்லாம் காட்டினார். கால் திரும்பவில்லை. ஆனால் கை இருந்தது, வாயும் இருந்தது. உட்கார்ந்தபடியே நகர்ந்து சாமைக் காட்டில் களையெடுத்தேன், மிளகு உதிர்த்தேன். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அப்பா சுமந்துபோன மிளகில் பாதி நான் உதிர்த்தது. காட்டு வேலை என்றால் என்னையும் ஓர் ஆளாகக் கணக்கில் வைத்தவர்கள், கோயில் என்றால் மட்டும் மறந்துவிட்டார்கள்.

அம்மாவின் பாடு இன்னும் மோசம். அவளுக்குக் கால் நன்றாகவே இருந்தது. மூன்று சுற்றும் சுற்றுவாள். ஆனால் என்னை வீட்டில் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிட மனசு வராது. வரிசையில் உட்காராமல், என் பொட்டலத்தோடு தன் பங்கையும் கட்டி வாங்கிக்கொண்டு சரிவில் இறங்கி வந்துவிடுவாள். ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. "எங்க தின்னாலும் ஒரே சோறுதான கண்ணு" என்பாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

எனக்குப் பதினாறு வயதான வருஷம், பொங்கலுக்கு என்னையும் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி அப்பாவிடம் அடம்பிடித்தேன். வேடிக்கை பார்க்கத்தான் என்றேன். பச்சைப் பொய். அம்மாவை அந்த வரிசையில் உட்காரவைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதை எப்படிச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

கோயிலுக்கு எதிரே பலா மரத்தடியில் அப்பா என்னை இறக்கிவிட்டார். சனங்கள் சுற்றத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஊர்க்கவுண்டர் போனார். எழுபது வயதைத் தாண்டியவர். அந்த வருஷத்து மழையில் முழங்கால் வீங்கி, நடை தளர்ந்திருந்தது. முதல் சுற்றைத் தடியூன்றி முடித்தார். இரண்டாவதில் பாதியிலேயே நின்றுவிட்டார். உடனே அவருடைய மகன்கள் இருவரும் கை கோத்து, அதில் அவரை உட்காரவைத்து, மீதியைத் தூக்கிக்கொண்டே சுற்றினார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுற்று முடிந்ததும் அவருக்குத்தான் முதல் இலை போட்டார்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

பூசாரி வழக்கம்போலப் பொட்டலங்களோடு அம்மாவிடம் வந்தார். "புள்ளைய எதுக்குச் சிரமப்படுத்தறீங்க? ஊட்டுக்கே குடுத்தனுப்பியிருப்பமே."

"பொட்டலம் வேண்டாமுங்க," என்றேன் நான். "எங்கம்மாவுக்கும் எனக்கும் வரிசையில எலை போடுங்க."

"மூணு சுத்து சுத்தோணுமே சாமி. கால் தரையில படோணுமில்ல?"

நான் அவரை விட்டுவிட்டுக் கவுண்டரைப் பார்த்தேன். "ஏனுங்க கவுண்டரே, ரெண்டாஞ் சுத்துல உங்க காலு எங்கீங்க தரையில பட்டுச்சு?"

மேளம் நின்றுபோனது. அம்மா பதறி என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"எனக்கு வயசாயிப்போச்சு சாமி," என்றார் கவுண்டர். குரலில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

"உங்களுக்கு வயசாச்சுங்க. எனக்குக் காய்ச்சலாச்சுங்க. ரெண்டுமே நாம கேட்டு வாங்குனதில்லீங்களே."

பூசாரி கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தன் இலையைப் பார்த்தார். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்கமாட்டேன். தூக்க வருகிறவனைக் கடித்திருப்பேன். அப்படி ஒரு வெறி எனக்கு.

"அவங்கப்பனக் கூப்புடுங்க," என்றார் கடைசியில். "புள்ளையத் தூக்கிக்கிட்டுச் சுத்தட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் எலையில கை வெக்க வேண்டாம்."

அப்பாவின் முதுகில் மூன்று சுற்றும் வந்தேன். கால் போன பிறகு கோயிலின் பின்புறத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு சாம்பல் மேடு, உடைந்த பானை ஒன்று, தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய். இதைச் சுற்றவில்லை என்றுதானா எங்களை ஒன்பது வருஷம் ஒதுக்கி வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வரிசையில் எங்களுக்கும் இரண்டு இலை போட்டார்கள். சாமைப் பொங்கல் பரிமாறியவர் என் இலையில் ஒரு கரண்டி போட்டுவிட்டு, "பாவம், வயிறாரச் சாப்புடட்டும்" என்று இன்னொரு கரண்டி அள்ளினார். நான் இலைக்கு மேலே கையை நீட்டி மறைத்தேன்.

"பாவமெல்லாம் வேண்டாமுங்க. எல்லாருக்கும் எத்தனையோ எனக்கும் அத்தனையே போதும்."

முகம் சுருங்கி அவர் அடுத்த இலைக்குப் போனார். பக்கத்தில் அம்மா குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதி, அவசர அவசரமாகத் தின்றாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்கண்ணு, அந்தக் கரண்டிய என் எலையிலயாவது போடச் சொல்லியிருக்கலாமில்ல? கோயில் பொங்கலச் சுடச்சுடத் தின்னு ஒம்பது வருசமாச்சு."

அதற்குள் பரிமாறுகிறவர் நாலு இலை தள்ளிப் போயிருந்தார். கோயில் முழுக்கக் கேட்கும்படி கத்தி அவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.