கிணத்துக்கடவில் அரை முழம் கயிறு

கிணத்துக்கடவு வருவதற்குள் என் காரில் மறுபடி தண்ணீர் ஒழுகுகிறது. 1930களில் இங்கிலாந்தில் செய்த வண்டி. பானெட் மேல் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். தண்ணீர் பம்புக்கு உதிரிபாகம் இனி கிடைக்காது, ஓட்டாமல் காட்சிக்கு நிறுத்திவிடுங்கள் என்று லண்டன் வியாபாரி எழுதிவிட்டார். நிறுத்திவைக்கவா வாங்கினேன்? பொள்ளாச்சியில் இன்று பழைய கார்களின் அணிவகுப்பு. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்குவதற்குப் பதில் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

சாலையோரம் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கும் கடை. தண்ணீர் கேட்டுப் போகிறேன். கடைக்காரர் நாச்சிமுத்து குடத்தோடு வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார். லண்டன் கதையைச் சொல்கிறேன். சிரிக்கிறார்.

"ஏனுங்க, நம்ம கெணத்து மோட்டாருல இருக்கற அதே கிளாண்டுதானுங்க இது. உள்ள தண்ணி கசியாம அடைக்கற கயிறு தேஞ்சுபோச்சு. வேறொண்ணுமில்லீங்க."

கடைக்குள்ளிருந்து கிராஃபைட் பூசிய கறுப்புக் கயிற்றை அரை முழம் வெட்டி வருகிறார். பம்பின் தண்டைச் சுற்றி அதைத் திணித்து நட்டை முறுக்குகிறார்.

எஞ்சினைக் கிளப்புகிறேன். ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பாடுகின்றன, உடம்பு சிலிர்க்கிறது. நாச்சிமுத்து காருக்கடியில் பழைய நாளிதழை விரிக்கிறார். பத்து நிமிடம் இருவரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்க்கிறோம்.

ஒரு சொட்டு இல்லை.

காய்ந்த தாளை உருவி, நான்காக மடித்து, என் சட்டைப்பையில் செருகுகிறார்.

"இதைய அந்த லண்டன்காரருக்கு அனுப்பிப்போடுங்க."