ஒரு பிடி வாசல் மண்

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் காலையில் கதவைத் தட்டுகிறவர்கள் சர்க்கரை கேட்பார்கள், இல்லையென்றால் போன் சார்ஜர் கேட்பார்கள். பக்கத்து லயத்து அத்தை மண் கேட்டாள்.

"ஏலே, உன் வாசல்ல இருந்து ஒரு பிடி மண்ணு அள்ளிக் குடு."

"பூச்செடிக்கா அத்தை? இது வெறும் சரளை. இதுல முளைச்சு எது உருப்பட்டிருக்கு? என்னையப் பாத்தாத் தெரியலையா?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பனுக்குக் கல்லு நடணும்" என்றாள்.

அத்தை எனக்கு ரத்தச் சொந்தம் இல்லை. எண்பதைத் தாண்டியவள், எல்லாருக்கும் அத்தை. அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அப்பாவைக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் போர். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும், அசாம் பக்கம் பட்டாளத்துக்கு ரோடு போடத் தோட்டங்களில் இருந்து ஆள் அனுப்பினார்கள். இவர் திரும்பவில்லை. காய்ச்சலா, குண்டா, பாறை விழுந்ததா, யாரும் வந்து சொல்லவில்லை. அவள் அம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

இப்போது அத்தையின் மகளுக்கு ஓய்வு வந்துவிட்டது. லயத்து வீட்டைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாயும் மகளும் தென்காசிப் பக்கம் இறங்க வேண்டும்.

"நான் கீழ போயிட்டா எங்கப்பன் யாரத் தேடி வருவாரு? வந்தா நிக்க ஒரு எடம் வேண்டாமா?"

அதற்குத்தான் தோட்டத்துக் கோயில் ஓரத்தில் ஒரு கல். ஆனால் எங்கள் வழக்கப்படி, வெளியே செத்தவருக்குக் கல் நட்டால் உயிர் போன இடத்திலிருந்து பிடிமண் வர வேண்டும். அது இல்லாவிட்டால் வெறும் கல், துணி துவைக்கலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அசாமில் எந்த மலையென்று போய் அள்ளுவது? ஆபீசில் விசாரிக்க அத்தை என்னைத்தான் அனுப்பினாள். கையெழுத்துப் போடவே மூச்சு வாங்குகிறவன் நான். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னான். "சேட்டா, அன்னத்தெ கம்பெனியே இப்போ இல்ல. யுத்தம் செய்தது ராஜாக்கமாரு. நம்மள் எந்து செய்யும்?" என்றான். அன்றைய கம்பெனியே இல்லை, ராஜாக்கள் போட்ட சண்டைக்கு நாம் என்ன செய்வது என்கிறான். நியாயமாகத்தான் இருந்தது. இந்த விஷயத்தில் யாரிடம் போனாலும் நியாயமாகவே பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அத்தை என் வாசலுக்கு வந்தாள்.

"எங்கப்பன் உயிரு அசாமுல போகல. உன் பெரிய தாத்தன் இந்த வாசல்ல நின்னு பேரு சொன்னாரே, அப்பவே போச்சு."

பெரிய தாத்தா கங்காணி. ஆள் கூட்டிவந்து வேலை வாங்குகிறவர். அவர் இருந்த வீட்டில்தான் இப்போது நான். துரை ஆள் கேட்டபோது முதலில் தன் தம்பி பெயரைத்தான் சொன்னாராம். மறுநாள் அதை மாற்றி, புதுசாகக் கல்யாணமான அத்தையின் அப்பாவைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் இதைச் சாமர்த்தியம் என்பார்கள். தப்பித்த அந்தத் தம்பிதான் என் சொந்தத் தாத்தா. ஒருத்தனைத் தள்ளி ஒருத்தனைக் காப்பாற்றி, கடைசியில் விளைந்தது நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஜீப்பில் ஏற்றிப்போகிற டூரிஸ்ட்டுகளுக்குப் பாறையைக் காட்டி யானை என்று சொல்லிப் பிழைக்கிறவன்.

பூசாரியும் யோசித்துப் பார்த்து இதற்கு ஏற்கெனவே சம்மதித்திருந்தார். ஒரே நிபந்தனை, அந்த வீட்டு ஆள் தன் கையால் அள்ளித் தர வேண்டும்.

அடுத்த வீட்டிலிருந்து என் அண்ணன் வெளியே வந்தான். கோயில் கமிட்டியில் இருப்பவன், துண்டு போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டான்.

"மண்ணத் தொட்டுறாத. அள்ளிக் குடுத்தா நாமதான் கொன்னோம்னு ஆயிரும். நாளைக்கு எம் மகளப் பொண்ணு பாக்க வாரவன் என்ன நெனப்பான்?"

"டீ நல்லா இருக்குன்னு நெனப்பான்" என்றேன்.

"வாய மூடுலே. கொண்டுபோனவன் வெள்ளைக்காரன், சண்டைக்கு வந்தவன் ஜப்பான்காரன். அவனுகள விட்டுட்டு நம்மளப் புடிச்சா எப்படி அத்தை?"

"அவனுக கப்பல் ஏறிட்டானுக. நீ இங்கன இருக்கியே" என்றாள் அத்தை.

"தாத்தா செஞ்சதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்?"

"உங்கள அடிக்கவா வந்தேன்? மண்ணுதான கேக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். எப்போதும் இந்த இடத்தில் நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து இரண்டு பேரையும் கலைத்துவிடுவேன். அன்று ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் முழுக்க ஜீப் ஓட்டிய அலுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, அன்னைக்குப் பேர மாத்தலன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. கமிட்டிக்கு வேற ஆளப் பாத்திருப்பாக."

"அப்ப ஒத்துக்கிடுதியா?"

"ஒத்துக்கிட்டா தாத்தாவ எழுப்பி ஜெயில்லயா போடப் போறாக?"

உள்ளே போய்க் களைக்கொத்தை எடுத்து வந்தேன். வாசல்படிக்கு நேர்கீழே கொத்தினேன். சரளை இளகவில்லை. உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக் கொத்தினேன். அண்ணன் தடுக்கவில்லை, வீட்டுக்குள்ளும் போகவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஒரு பிடி அள்ளி அத்தையின் முந்தியில் போட்டேன். அவள் அதை விரலால் கிளறினாள். நடுவில் கிடந்த ஒரு தேயிலைச் சருகை எடுத்து வெளியே போட்டாள். முந்தியை முடிச்சுப் போடவில்லை, விரித்தபடியே பிடித்திருந்தாள்.

"எங்கம்மாவுக்கு?"

"அவுக இங்கன லயத்துலதான அத்தை செத்தாக? நீதான பக்கத்துல இருந்த?"

"அவ உயிரு எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அள்ளுலே."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.