வெள்ளையம்மாள் கொண்டுவந்த புட்டி

1953இல் வெள்ளையம்மாள் மூன்றாவது பிள்ளைக்கு உண்டாகியிருந்தபோது, அவள் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. மாமியார் ராக்கு அதை நல்ல சகுனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் அப்போது ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரசவ நிலையத்தில் நர்சு. வெள்ளையம்மாளின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை.

பிள்ளை பத்து ராத்தல். தாய் கிழிந்துபோய்க் கிடக்கிறாள், ராக்கு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, “பாருங்கடி, பொறக்கையிலேயே ஆறுமாசப் பிள்ளை!” என்று கூத்தாடினாள்.

நாற்பது நாள் கழித்துப் பார்த்தபோது மருந்து நீலமாகவே நின்றது. டாக்டர், “பிள்ளையோடு போய்விட்டது. பதிவேட்டில் பெயரை அடித்துவிடுங்கள்” என்றார். நான் அடிக்கவில்லை. கர்ப்பத்தில் வந்த சர்க்கரை போய்விட்டு, சில வருடம் கழித்துத் திரும்பி வரும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

“எங்காத்தா கால் அழுகித்தான் செத்தா, நர்சம்மா. சாகுற மட்டும் தண்ணி தண்ணின்னா. எனக்கும் அதானா?”

“வரலாம். வருசத்துக்கு ஒருதரம் வந்து காட்டு. ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டா கால் தப்பும்.”

“அப்ப வாரேன்.”

வந்தாள். அறுவடை முடிந்த பங்குனியில், மருந்துப் புட்டியில் காலைச் சிறுநீரை எடுத்து, துணியால் அடைத்து, ஓலைக்கொட்டானுக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவாள். நிலையத்தில் இருந்த ஒரே கக்கூஸ் டாக்டருக்கு. வந்தவர்களுக்கு வேலிக்கருவைப் புதர்தான் மறைப்பு. ஐந்து வருடம் நீலம். புருஷன் கூத்தையா, “எம் பொண்டாட்டி திருவிழாவுக்குப் போறா” என்று கேலி பேசுவான். அவள் சட்டை பண்ணவில்லை.

ஆறாம் வருடம் அவள் வரவில்லை. நடந்ததைப் பின்னால் அவளே சொன்னாள். பஸ்ஸில் கூட்டம். துணியடைப்பு பிடுங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றவர் வேட்டியில் கொட்டிவிட்டது.

“என்ன பிள்ளே, பன்னீரா?”

பதநீர் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவள். “மூத்திரம்யா. நர்சம்மாட்ட காட்டக் கொண்டுபோறேன்.”

பஸ்ஸே சிரித்திருக்கிறது. “கண்டக்டர், அதுக்குத் தனி டிக்கெட் போட்டியாய்யா?” என்று பின்னாலிருந்து ஒருவன். கண்டக்டர் புட்டியைப் பிடுங்கி வெளியே எறிந்தான். “எறங்குத்தா. இது பஸ்ஸா, மாட்டுக் கொட்டமா?” பொட்டல் வெயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள்.

அவள் நடந்து வீடு சேர்வதற்குள் கதை சேர்ந்துவிட்டது. கூத்தையா, “ஊர்ல தலை காட்ட ஏலல. இனி அங்கன போனே, காலை ஒடிப்பேன்” என்றான்.

இதில் நானும் சுத்தமில்லை. இரண்டு தடவை ஆளிடம் சொல்லி அனுப்பினேன், அதோடு விட்டேன். வயிற்றில் பிள்ளை இல்லாத பெண் நான் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும் பட்டியலில் வரமாட்டாள். பட்டியலைக் காட்டி நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

1961 கார்த்திகையில் அந்த ஊருக்கு வேறொரு பிரசவத்துக்குப் போனவள், வெள்ளையம்மாள் வீட்டிலும் நுழைந்தேன். கன்னம் ஒட்டி, பக்கத்தில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். வலது காலில் துணிக்கட்டு. நடவில் சிப்பி கிழித்ததாம், இரண்டு மாதமாக ஆறவில்லை. கட்டை அவிழ்த்தேன். உள்ளே சாணியும் மஞ்சளும் சீழும். வாடை முகத்தில் அடித்தது. ராக்கு சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சாணியை அப்பியவளே அவள்தான்.

வெள்ளையம்மாளின் சிறுநீரை என் பையிலிருந்த நீல மருந்தில் விட்டு, அந்த வீட்டு அடுப்பிலேயே காய்ச்சினேன். செங்கல் நிறம். கூத்தையா எட்டிப் பார்த்து, “அதான் போயிருச்சின்னாகளே” என்றான்.

“போனது திரும்பி வரும்னு சொல்லித்தான் அவளை வரச்சொன்னேன். நீ காலை ஒடிப்பேன்னே. இந்தா, அந்தக் கால். பார்.”

அவன் அழ ஆரம்பித்தான். அவனைத் தேற்ற எனக்கு நேரமில்லை, மனமும் இல்லை. அவளுக்கும் இல்லை. “நர்சம்மா, முழங்கால் வரைக்கும் எடுப்பாகளா? எங்காத்தாளுக்கு அங்கன வரைக்கும் கறுத்துச்சு.”

“இன்னைக்கே போனா விரலோட நிக்கும்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “அழுதது போதும். மாட்டை அவுத்து வண்டியில பூட்டும்.”

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. சர்க்கரைக்கு ஊசி போட நானே கற்றுக்கொடுத்தேன். தினமும் தானே போட்டுக்கொண்டாள். ஆனால் பெருவிரல் இல்லாத கால் சேற்றில் ஊன்றி நிற்காது. அந்தப் போகத்திலிருந்து நடவு வரிசையில் அவளுக்கு இடமில்லை. மற்றவர்கள் நட, அவள் வரப்பில் உட்கார்ந்து முடி முடியாகக் கட்டிய நாற்றை எடுத்து வீசினாள்.