முரசு கேட்காத காடு

மஞ்சளேறிப்போன ஒரு காமிக்ஸ் பக்கம். அடர்ந்த மரங்கள், தொங்கும் கொடிகள், ஓரத்தில் பாதி மட்டும் தெரியும் சிறுத்தை. மரங்களுக்கு மேலே, காட்டுவாசிகள் அடிக்கும் முரசாக, கொட்டை எழுத்தில் "டம்... டம்... டம்..." அந்த எழுத்தின் மேல் தறி எண்ணெய் பட்ட ஒரு கட்டைவிரல் ரேகை. அது என் அக்கா வீட்டுக்காரருடைய விரல்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும், அருப்புக்கோட்டையில் மச்சான் விசைத்தறி ஓட்டிய கூடத்திலேயே நூல் சுற்றச் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் காமிக்ஸ் புத்தகங்களை எடுப்பார். பழைய பேப்பர் கடையில் பொறுக்கியவை, எல்லாம் காட்டுக் கதைகள். அவர் முடித்த பக்கத்தை நான் எட்டிப் படிப்பேன். மற்ற தறிகள் நிற்காமல் அடிப்பது அந்த முரசாகவே கேட்கும். திருச்சுழிப் பக்கம் நாங்கள் பார்த்த காடெல்லாம் சீமைக் கருவேலந்தான். அதனால் நிஜக் காடு என்றால் அந்தத் தறிச் சத்தமும் அதில் இருக்கும் என்று எனக்குள் பதிந்துவிட்டது. அவருக்கும் அப்படித்தான் பதிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. முதலில் இடுக்கிக்கு, ஏலத்தோட்ட வேலைக்குப் போனேன். அட்டைக்கடி, காய்ச்சல். திரும்பி வந்து, காட்டைப் பார்த்துவிட்டேன் என்றேன். மச்சான் சிரித்தார்.

"ஏலே மாப்ள, அது தோட்டம்லே. டீக்கடை இருக்குற எடமெல்லாம் காடா? முரசு கேட்டுச்சா?"

கேட்கவில்லை. அது எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது.

அடுத்து மலை ரோடு போடும் ஆட்களோடு உள்காட்டில் எட்டு மாதம். கூட வந்தவர் ஒருவரை யானை மிதித்தது. மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தோம். அன்றைக்கும் காடு சும்மாதான் இருந்தது. சில்வண்டு கத்தும், பிறகு அதுவும் அடங்கிவிடும்.

ஊர் திரும்பியபோது, பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு மச்சான் கட்டிலோடு கிடந்தார். அக்கா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்காக. முரசு கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு தம்பி. கொறஞ்சா போயிருவ?"

சொல்லிவிடத்தான் நினைத்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"கேக்கல மச்சான். எட்டு மாசமும் கேக்கல."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். அவர் மோட்டுவளையைப் பார்த்தபடி பேசினார்.

"எப்பிடிலே கேக்கும்? வேத்தாளு உள்ள வந்தா நிப்பாட்டிருவானுகள்ல. நீ போகாம இருந்திருந்தா, அடிச்சுக்கிட்டேதான் இருந்திருப்பானுக."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்த வாரமே போய்விட்டார்.

என்னைத் தேற்றினாரா, குற்றம் சொன்னாரா? இன்னும் பிடிபடவில்லை. இப்போது வால்பாறைப் பக்கம் வேலை. காட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன் வெளியே நின்று கொஞ்ச நேரம் காதுகொடுக்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. நான் வந்தது அதற்குள் முரசடிப்பவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் யோசிக்கிறேன்.