உயரம் பார்த்து ஆள் எடுத்தவன்

போன வாரம் சிதம்பரத்தில் கல்லூரிப் பெண்களுக்கான பாஸ்கெட்பால் போட்டி. ரிட்டயர்டு பி.டி. மாஸ்டருக்கு வேறென்ன வேலை? கடலூரில் பஸ் ஏறிவிட்டேன். நான் பல வருடம் பயிற்சி கொடுத்த கடலூர்க் கல்லூரி ஒரு பக்கம். எதிரே உள்ளூர் அணி.

ஆட்டம் முடியச் சில விநாடிகள். எங்கள் அணி ஒரு பாயின்ட் முன்னால். அப்போது பார்த்து எங்கள் பெண் ஒருத்தி ஃபவுல் செய்ய, எதிரணியின் கௌசல்யாவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

அவள் கோட்டில் வந்து நின்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

உயரமான பிள்ளைகளை, ப்ளஸ் டூ முடிக்கும் முன்பே சென்னை, கோவைக் கல்லூரிகள் ஹாஸ்டல், சாப்பாடு என்று பேசி அள்ளிக்கொண்டு போய்விடும். எங்களைப் போன்ற நடுத்தரக் கல்லூரிகளுக்கு மிச்சம்தான். அந்தப் பதற்றத்தில் எனக்கு ஒரு பழக்கம் — ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனுக்கு வருகிறவர்களை முதலில் சுவரோரம் நிறுத்தி அளப்பேன். உயரம் குறைந்தால் பந்தையே கையில் தர மாட்டேன்.

மூன்று வருடம் முன்பு, திட்டக்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த கௌசல்யாவுக்கும் அதே கதிதான்.

"ஒரே ஒரு தடவ போட்டுக் காட்றேன் சார்."

"எத்தன தடவ போட்டாலும் நீ வளரப் போறியாம்மா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அன்றே சிதம்பரம் போய் இன்னொரு கல்லூரி செலக்‌ஷனில் நின்றிருக்கிறாள். அங்கே முதலில் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பதில் நான் எடுத்த நெட்டைப் பெண்ணோ, மறு வருடமே சென்னைக்குப் போய்விட்டாள்!

ஃப்ரீ த்ரோவை யாரும் குறுக்கே வந்து தடுக்க முடியாது. அங்கே உயரத்துக்கு என்ன வேலை? இது தெரியாதவனா நான்?

"ஏய், அவளுக்குக் கை நடுங்குதுடி!" — எங்கள் பெஞ்சிலிருந்து ஒரே கூச்சல். கௌசல்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தை இரண்டு முறை தட்டினாள். மூச்சு விட்டாள். முதல் பந்து உள்ளே... சமம். இரண்டாவது, வளையத்தில் உரசாமலேயே இறங்கியது. எங்கள் அணி தோற்றது. கை தட்டிய ஒரே கடலூர்க்காரன் நான்தான்.

பிறகு கிட்டே போனேன். அவள் தோழிகள் எதிரிலேயே சொன்னேன் — கேலி செய்ததும் நாலு பேர் எதிரில்தானே?

"அன்னிக்கு உன்னத் திருப்பி அனுப்பினது தப்பும்மா. கிண்டல் பண்ணது அதவிடத் தப்பு."

முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அட, வுடுங்க சார். நீங்க எடுத்திருந்தாலும் பெஞ்சுலதான ஒக்கார வெச்சிருப்பீங்க?"

அவள் சொன்னது சரிதான். உட்கார வைத்திருப்பேன்.